ஸ்பியன் கோப் குன்றை மேசைமேல் எழுப்புதல்: மினியேச்சர் போர்க்களம் அமைக்க முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில், டர்பனிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் வடமேற்கே போனால், துகேலா ஆற்றுக்கு மேலே ஸ்பியன் கோப் குன்று நிற்கிறது. போயர் போரின்போது, 1900 ஜனவரி 23 இரவு பிரித்தானியப் படை அதன் தென்மேற்குச் சரிவு வழியாக மூடுபனியில் ஏறி, உச்சியைப் பிடித்துவிட்டதாக எண்ணிப் பதுங்குகுழி தோண்டியது. பாறை கடினம், கருவிகளும் போதவில்லை. ஆகவே குழி ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் இறங்கவில்லை. காலையில் பனி விலகியபோதுதான், மேட்டுநிலத்தின் விளிம்பை விட்டுவிட்டு உள்ளே தள்ளித் தோண்டியிருப்பது தெரிந்தது. விளிம்புக்குக் கீழே, டச்சுக் குடியேறிகளின் வழிவந்த போயர் வீரர்கள் கண்ணில் படாமலே ஏறி வந்தார்கள். கிழக்கே இருந்த கற்றாழை மேட்டிலிருந்து குழியின் நீளவாட்டில் சுட்டார்கள். 24ஆம் தேதி இரவு படை இறங்கிவிட்டது. இறந்தவர்களுக்கு அந்தக் குழியே கல்லறையாயிற்று. இன்றும் வெள்ளைக் கற்கள் அதன் வடிவத்தைக் காட்டுகின்றன.

பொம்மை வீரர்களை நகர்த்தி ஆடும் மேசைப் போர் விளையாட்டுக்குக் களம் செய்ய விரும்பும் தமிழ் இளைஞர்களுக்கு நான் இந்தக் குன்றையே முதலில் சொல்வேன். நிலத்தின் வடிவம் ஒரு போரை எப்படி முடிவு செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் நட்டாலில் எனக்குத் தெரிந்து இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் போரில் காயமடைந்தவர்களைத் தூக்கிச் சென்ற நட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தார்கள். அவர்களில் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர், மற்றவர்கள் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த நாள்முதல் இங்கே இறங்கிய நம்மவர்களின் வழிவந்தவர்களும் பின்வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கடைகளில் விற்கும் தயார்க் களங்களில் அவர்கள் நடந்த பாதை இருப்பதில்லை. நம் கையால் செய்யும்போது அதை வைக்க முடியும், வைக்கத்தான் வேண்டும்.

அளவைத் தீர்மானித்தல்

கத்தியை எடுக்குமுன் இரண்டு அளவுகளைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று பொம்மையின் அளவு. 28 மில்லிமீட்டர் பொம்மைகள் ஏறக்குறைய 1:56 விகிதத்தில் வருபவை. ஆளுயரம், மரம், வண்டி, குழியின் ஆழம் எல்லாவற்றையும் இந்த விகிதத்தில்தான் செய்ய வேண்டும். மற்றொன்று நிலத்தின் அளவு. அடிவாரத்திலிருந்து ஸ்பியன் கோப்பின் உயரம் ஏறத்தாழ 430 மீட்டர். அதை 1:56இல் செய்தால் ஏழரை மீட்டருக்கு மேல் போகும். வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் உயரம் அது. ஆகவே நிலத்தை 1:500 என்று சுருக்கிக்கொள்கிறோம். 180 சென்டிமீட்டர் நீளமும் 120 சென்டிமீட்டர் அகலமும் உள்ள வழக்கமான விளையாட்டு மேசை அப்போது 900 மீட்டருக்கு 600 மீட்டர் நிலமாகிறது. பதுங்குகுழி, கற்றாழை மேடு, வடக்கே கூம்பு மேடு, தென்மேற்குச் சரிவின் மேற்பகுதி ஆகியவை இதற்குள் அடங்கும். தொலைவில் கிழக்கே உள்ள இரட்டைச் சிகரங்கள் அடங்காது. அவற்றை மேசைக்கு வெளியே இருப்பதாகக் கொள்ளலாம். உயரத்தில் இன்னும் தாராளமாகச் சுருக்க வேண்டும்: மேசை மட்டத்திலிருந்து மேட்டுநிலம் 9 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். அதற்கு மேல் போனால் நடுவில் உள்ள பொம்மையை எடுக்கும் கை விளிம்பில் உள்ளவற்றைத் தட்டிவிடும்.

பொருள்கள்

அடித்தளத்துக்கு 6 மில்லிமீட்டர் சூப்பர்வுட் பலகையை 60 சென்டிமீட்டர் சதுரங்களாக ஆறு துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஹார்ட்வேர் கடையிலேயே வெட்டித் தருவார்கள். ஆறும் சேர்ந்தால் மேசை. பிரித்தால் காரின் டிக்கியில் அடங்கும். குன்றுக்கு, கூரைக்கு வெப்பத்தடுப்பாகப் பொருத்தும் ஐசோபோர்டு போன்ற அழுத்தமான ஃபோம் பலகை வேண்டும், 30 மில்லிமீட்டர் தடிமனில். தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் வெள்ளைப் பாலிஸ்டைரீனைப் பயன்படுத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது மணிமணியாக உதிரும், வெட்டிய விளிம்பு நேராக வராது, பாறையின் முகத்தைச் செதுக்க இடம் தராது. கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஐசோபோர்டு வெட்டுத்துண்டுகளைக் குப்பையில் போடுவார்கள். மேற்பார்வையாளரைக் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளச் சொல்வார்.

மற்றவை வருமாறு: கோல்ட் க்ளூ எனும் வெள்ளை மரவேலைப் பசை ஒரு லிட்டர், தூளாக விற்கும் விரிசல் நிரப்பி, பிளாஸ்டர் மணல் ஒரு பை, நர்சரியில் செடிகளைச் சுற்றிப் போட விற்கும் பைன் மரப்பட்டை, இறைச்சி கோத்துச் சுடும் சொசாட்டி குச்சிகள், சாம்பிள் டப்பாவில் வரும் தண்ணீர்ச் சுவர்ப் பெயின்ட், 18 மில்லிமீட்டர் ஒடிக்கும் பிளேடுக் கத்தி, பழைய பிரஷ்கள். பூஜையில் உடைக்கும் தேங்காயின் குடுமியைத் தூக்கி எறியாமல் சேர்த்து வையுங்கள். அதன் பயன் பின்னால் வரும்.

வரைபடம்

ஆறு பலகைகளையும் தரையில் சேர்த்து வைத்து, மேலே பழுப்புத்தாள் விரித்து, சமவுயரக் கோடுகளை வரையுங்கள். முதல் கோடு குன்றின் அடி, இரண்டாவது இடைமட்டம், மூன்றாவது மேட்டுநிலத்தின் விளிம்பு. பலகைகள் சேரும் இடங்களில்தான் புதியவர்கள் தவறுவார்கள். ஒரு கோடு ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்குப் போகும் இடத்தை இரண்டு பலகைகளின் ஓரத்திலும் ஒரே புள்ளியில் குறியுங்கள். பிறகு அந்த ஓரம் முழுவதற்கும் பக்கவாட்டுத் தோற்றத்தை அட்டையில் வெட்டி, அதே அட்டையை இரண்டு பக்கத்துக்கும் அச்சாகப் பயன்படுத்துங்கள். அட்டை ஒன்றேயானால் உயரமும் ஒன்றாகவே வரும்.

நிழற்படங்களைப் பார்த்து வரைபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்றைய படங்களில் குன்றின் அடியில் தெரியும் பெரிய நீர்ப்பரப்பு 1970களில் கட்டி முடிந்த அணைக்கட்டின் தேக்கம். 1900இல் அங்கே வளைந்தோடும் துகேலா மட்டுமே இருந்தது.

வெட்டுதலும் ஒட்டுதலும்

கத்தியைக் கொண்டு ஒரே அழுத்தில் வெட்ட முயலாதீர்கள். பிளேடை நீளமாக வெளியே இழுத்து, தாழ்ந்த கோணத்தில் பிடித்து, நீண்ட இழுப்புகளாக மூன்று நான்கு முறை வெட்டுங்கள். ஃபோம் கிறீச்சிட்டுக் கிழிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். ஒரு பகுதியை ஒடித்துவிடுங்கள். சூட்டுக் கம்பியால் வெட்டுபவர்கள் சன்னலையும் கதவையும் திறந்துவைத்து, காற்று வெளியே போகும் பக்கம் வேலை செய்ய வேண்டும். உருகும் ஃபோமின் புகை மூச்சுக்கு நல்லதல்ல. உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள். தூளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாமல் வாக்குவம் கிளீனரால் எடுங்கள். வாசல் சாக்கடையில் விட்டது உம்கேனி ஆறு வழியாகக் கடற்கரைக்குத்தான் போய்ச் சேரும்.

இரண்டு ஃபோம் பலகைகளுக்கு இடையே கோல்ட் க்ளூ காய்வதற்குக் காற்றே கிடையாது. குளிர்காலத்தில் இரண்டு நாளில் பிடிப்பது, டர்பனின் பிப்ரவரி ஈரத்தில் நான்கு நாளாகும். ஆகவே பசையைப் பட்டையாகப் பூசாமல் கோடு கோடாக விட்டு, சொசாட்டி குச்சிகளைச் சாய்வாகக் குத்தி இறுக்கி, மேலே செங்கல் வைத்துக் காத்திருங்கள். நெடி அடிக்கும் கான்டாக்ட் பசைகள் ஃபோமைக் கரைத்துவிடும். ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படியே. என் முதல் பலகையில் இரண்டு வார இறுதிகள் செலவழித்துச் செதுக்கிய குழியின்மேல், மேலே ஏற்கெனவே பூச்சு இருக்கிறது என்று நம்பி ஸ்ப்ரே அடித்தேன். பூச்சில் இருந்த ஊசிமுனை அளவு ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கிய திரவம் சுவரை உள்ளிருந்தே தின்றுவிட்டது. மேல்தோல் மட்டும் நின்று விரல் பட்டதும் உள்ளே விழுந்தது. அன்றுமுதல் ஸ்ப்ரே டப்பாவை ஃபோம் இருக்கும் அறைக்குள் கொண்டுவருவதில்லை.

சூப்பர்வுட் பலகையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஈரப்பசை பூசினால் அது வளைந்துவிடும். அடிப்பக்கத்துக்கும் அதே நாளில் பெயின்ட் அடித்துவிடுங்கள், ஓரங்களுக்கு இரண்டு பூச்சு கொடுங்கள். ஈரம் முதலில் ஓரத்தில்தான் நுழையும்.

விளிம்பும் பதுங்குகுழியும்

இந்த வழிகாட்டியில் வேறெதையும் அவசரமாகச் செய்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பகுதியை அவசரப்படக் கூடாது. உண்மையான குன்றின் விளிம்பு குவிந்து வளைகிறது. நடுவில் படுத்திருப்பவனுக்கு விளிம்பு தெரியும், விளிம்புக்கு அப்பால் உள்ள சரிவு தெரியாது. மூன்று பலகைகளைப் படிக்கட்டு போல அடுக்கிவிட்டு அப்படியே விட்டால், மேசையில் ஒவ்வொரு படியும் ஒரு சுவராக நிற்குமே தவிர அந்த மறைவு நிலம் உருவாகாது. மேல் பலகையின் ஓரத்திலிருந்து 12 சென்டிமீட்டர் உள்ளே தொடங்கி, முதலில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சாய்வும், ஓரத்தை நெருங்க நெருங்கக் கூடும் சாய்வுமாகச் சீவிக்கொண்டு போங்கள். ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்திருந்தால் போதும்.

சரிபார்ப்பதற்கு எளிய வழி உண்டு. குழி வரப்போகும் இடத்தில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, அதன் தலையிலிருந்து ஒரு நூலை இழுத்துப் பிடித்து விளிம்புக்கு மேலே நீட்டுங்கள். நூலுக்குக் கீழே, சரிவின் நடுவில், நிற்கும் போயர் பொம்மை முழுவதும் மறைந்திருக்க வேண்டும். அது விளிம்புக்கு மூன்று விரற்கடை அருகில் வரும்போதுதான் தொப்பி நூலைத் தொட வேண்டும். தொப்பி முன்னதாகவே தொட்டால் இன்னும் சீவுங்கள். நான் ஆறு இடங்களில் இப்படி நூல் பிடித்துப் பார்த்தேன்; மூன்றில் தவறியிருந்தது. அருகில் நின்ற என் அக்காள் மகன் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, இவங்க ஏன் இங்க தோண்டினாங்க, அங்க தோண்டியிருக்கலாமே?” என்று கேட்டான். பனியில் விளிம்பு எங்கே என்று தெரியாத படையின் கதையை அவனுக்குச் சொல்ல அந்த நூலே போதுமானதாக இருந்தது.

மறுபக்கச் சரிவுகளில் பொம்மை நிற்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 25 மில்லிமீட்டர் அடித்தட்டு உள்ள பொம்மை செங்குத்துச் சரிவில் வழுக்கிவிடும். ஆகவே 3 சென்டிமீட்டர் அகலத் திட்டுகளை ஒழுங்கின்றி ஆங்காங்கே வெட்டி, அவற்றின் முன்விளிம்பைப் பாறைகளால் மறையுங்கள். பார்ப்பவருக்குப் பாறை தெரியும். விளையாடுபவருக்குப் படி கிடைக்கும்.

குழியின் ஆழம் கணக்குப்படி 7 மில்லிமீட்டர்தான். 40 சென்டிமீட்டரை 56ஆல் வகுத்துப் பாருங்கள். பலரும் இடுப்பளவு ஆழத்தில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, பலகை அடுக்கி, மணல் மூட்டை வைத்து, பிற்கால முதல் உலகப் போரின் பதுங்குகுழியைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். 7 மில்லிமீட்டர் குழியில் மண்டியிட்ட பொம்மையின் தோளும் தலையும் முழுவதும் வெளியே தெரியும். தெரியட்டும். அன்று அங்கே இருந்தவர்களின் நிலை அதுதான். பிறைபோல வளைந்த வடிவத்தைப் பேனாவால் வரைந்து, கத்தியால் இரு ஓரமும் கீறி, தேய்ந்த கரண்டியின் முனையால் ஃபோமைப் பெயர்த்தெடுங்கள். அடி சமமாக இருக்கக் கூடாது, ஏனென்றால் அவர்கள் பாறையில் முட்டித்தான் நிறுத்தினார்கள். ஆங்காங்கே கல் முளைத்து நிற்கட்டும். முன்பக்கம் அடுக்கிய சிறு கற்களுக்கு மரப்பட்டையின் நொறுங்கல் போதும்.

பாறை

நர்சரி மரப்பட்டையை ஓவனில் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்துப் பூச்சிகளையும் ஈரத்தையும் போக்கிய பிறகே பயன்படுத்துங்கள். கத்தியால் வெட்டாமல் கையால் ஒடியுங்கள். ஒடிந்த முகமே பாறையின் முகம். அடுக்குக் கோடுகள் எல்லாத் துண்டுகளிலும் ஒரே திசையில் படுத்திருக்க வேண்டும். ஒரு துண்டு குறுக்கேயும் மற்றொன்று நெடுக்கேயும் நின்றால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் போலி என்று மனத்தில் படும். பெரிய கற்களைப் பாதி புதையுமாறு ஃபோமில் குழித்து வையுங்கள், அவற்றின் அடியில் சிறியவற்றைச் சிதறவிடுங்கள். ஃபோமின் வெறும் முகங்களில், கசக்கிய அலுமினியத் தாளை உருண்டையாக்கி அழுத்தி உருட்டினால் சொரசொரப்பு வரும்.

மண்ணும் வண்ணமும்

மணலைத் தேநீர் வடிகட்டியில் சலித்து நைசானதையும் பருமனானதையும் பிரித்துக்கொள்ளுங்கள். கோல்ட் க்ளூ இரண்டு பங்கு, நைஸ் மணல் இரண்டு பங்கு, விரிசல் நிரப்பித் தூள் ஒரு பங்கு, பழுப்புப் பெயின்ட் ஒரு பங்கு, தோசை மாவுப் பதத்துக்குத் தேவையான தண்ணீர் ஆகியவற்றைக் கலக்கிக் குன்று முழுவதும் பூசுங்கள். பெயின்ட் உள்ளேயே கலந்திருப்பதால் பின்னர் எங்காவது தட்டி உதிர்ந்தாலும் ஃபோமின் நிறம் பளிச்சென்று காட்டிக்கொடுக்காது. ஈரம் காயுமுன் பருமனான மணலைத் தண்ணீர் ஓடும் சால்களில் தூவுங்கள். காய்ந்த பின் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்தத் திரவம் இல்லாவிட்டால் பசைநீர் மணலுக்குள் இறங்காமல் முத்தாக உருண்டு ஓடும்.

வண்ணத்துக்கு நான்கு டப்பாக்கள் போதும்: கரும்பழுப்பு, செம்பழுப்பு, மணல் நிறம், சாம்பல் கலந்த வெண்மை. முதலில் எல்லா இடத்துக்கும் கரும்பழுப்பு, இடுக்குகள் உட்பட. அடுத்து மண்ணுக்குச் செம்பழுப்பு. பிறகு பிரஷில் பெயின்ட் எடுத்து, தாளில் துடைத்து ஏறக்குறைய காய்ந்த நிலையில் மேடுகளை மட்டும் தடவும் ட்ரை பிரஷ் முறையில் மணல் நிறத்தைக் கொடுங்கள். பாறைக்குச் செய்யும்போது கவனம் வேண்டும். இந்தக் குன்றுகளின் கற்கள் வெறும் சாம்பல் நிறமல்ல. வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்தது போன்ற பழுப்புத் தோல் அவற்றுக்கு உண்டு. ஆகவே சாம்பலுக்கு முன் செம்பழுப்பை நீர்க்கக் கலந்து பாறைமேல் ஓடவிடுங்கள், சாம்பல் வெண்மையை மேல் விளிம்புகளில் மட்டும் வையுங்கள்.

புல்

தென்னாப்பிரிக்கப் போர்க்களம் என்றாலே காய்ந்த மஞ்சள் புல்லைப் போடும் பழக்கம் ஒன்று உலகெங்கும் இருக்கிறது. ஸ்பியன் கோப் போர் ஜனவரியில் நடந்தது. நட்டாலின் உள்நாட்டில் ஜனவரி என்பது கோடைமழைக் காலம். மேட்டுநிலம் பச்சையாக இருக்கும். மஞ்சள் புல் ஜூன், ஜூலைக்கு உரியது. ஆறு பங்கு பச்சை, இரண்டு பங்கு வைக்கோல் நிறம், ஒரு பங்கு செம்மை என்று கலந்தால், செங்கதிர் விடும் நம் மேட்டுப் புல்லின் தோற்றம் வரும்.

ஸ்டாட்டிக் கிராஸ் எனும் செயற்கைப் புல்லின் 6 மில்லிமீட்டர் இழை 1:56இல் ஏறக்குறைய 34 சென்டிமீட்டராகிறது, அதாவது முழங்காலுக்குச் சற்றுக் கீழே. இதைவிட நீளமானதைப் பரவலாகப் போட்டால் பொம்மைகள் புதைந்துவிடும். இழைகள் நிமிர்ந்து நிற்க நிலைமின்சாரம் வேண்டும்; அதற்கென்று பேட்டரியில் இயங்கும் கருவி விற்கிறது, கொசு மட்டையைப் பிரித்து வீட்டில் செய்பவர்களும் உண்டு. கொசு மட்டைக்குள் உள்ள மின்தேக்கி, பேட்டரியைக் கழற்றிய பின்னும் அதிர்ச்சி தரும். மின்வேலை தெரிந்த ஒருவர் உடன் இல்லாமல் அதைத் திறக்க வேண்டாம்.

உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவு இடத்தில் மட்டும் பசை பூசி, ஓர் ஆணியை ஈரப் பசையில் குத்தி, அதில் கருவியின் கம்பியைப் பொருத்தி, சல்லடையை ஓர் அங்குல உயரத்தில் ஆட்டுங்கள். இழைகள் ஒவ்வொன்றாகத் துள்ளி எழுந்து நிற்பதைக் காண்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம். எல்லா இடத்தையும் மூடிவிடாதீர்கள். பாறையின் அடியிலும் சால்களின் ஓரத்திலும் அடர்த்தியாக, வீரர்கள் நடமாடிய குழியைச் சுற்றி அரிதாக, மிதிபட்ட இடத்தில் வெறும் மண்ணாக விடுங்கள்.

இனி தேங்காய்க் குடுமி. நாரைச் சீவிச் சீராக்கி, 12 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, பதினைந்து இருபது இழைகளாகச் சேர்த்து, அடிமுனையைக் கோல்ட் க்ளூவில் தொட்டு, பேக்கிங் தாளின்மேல் நிறுத்திக் காயவையுங்கள். மறுநாள் பசை ஒரு சிறு தட்டாக உரிந்து வரும். நீர்த்த பச்சையில் நனைத்து நுனியை மட்டும் அப்படியே விட்டால், கற்களுக்கு இடையே வளரும் உயரமான புல்தூறு தயார். கடையில் வாங்கும் தூறுகள் எல்லாம் ஒரே வட்டமாக ஒரே உயரமாக இருக்கும்; நாரில் இரண்டு தூறு ஒன்றுபோல் வராது. எங்கள் ஆயா பாத்திரம் தேய்க்கச் சேர்த்து வைத்த குடுமிகளில்தான் முதலில் செய்து பார்த்தேன்.

காய்ந்த தேயிலைச் சக்கையைச் சருகாகத் தூவலாம், ஆனால் ஓவனில் மொறுமொறுவென்று காயவைத்த பிறகுதான். வெயிலில் ஒருநாள் வைத்தது போதும் என்று நான் தூவிய பலகை பெட்டிக்குள் மூன்று வாரத்தில் வெண்பூஞ்சை பிடித்தது. புல்லோடு சேர்த்துச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

கற்றாழையும் முள்மரமும்

கிழக்கு மேட்டுக்குப் பெயர் தந்த கற்றாழை நம் வீட்டுத் தொட்டிச் சோற்றுக்கற்றாழை போன்றதல்ல. மலைக்கற்றாழை ஆளைவிட உயரமாக, ஒற்றைத் தண்டில், கீழே காய்ந்த மடல்கள் பாவாடை போலத் தொங்க நிற்கும். மூன்று மீட்டர்ச் செடிக்கு 5 சென்டிமீட்டர் சொசாட்டி குச்சி போதும். தடித்த தாளில் எட்டு முனை நட்சத்திரங்களை 3 சென்டிமீட்டர், இரண்டரை, 2 என்ற அளவுகளில் வெட்டி, ஒவ்வொரு மடலையும் நடுவில் மடித்துப் பள்ளமாக்கி, பேனா மூடியின்மேல் வளைத்து, ஒன்றன்மேல் ஒன்று திருப்பி ஒட்டுங்கள். மேலடுக்கு மேல்நோக்கி, கீழடுக்கு பக்கவாட்டில். குச்சியைச் சுற்றிக் கிழித்த பழுப்புத்தாள் கீற்றுகளைத் தொங்கவிடுங்கள். நிறம் சாம்பல் கலந்த பச்சை, மடல் நுனியில் ஒரு துளி செம்பழுப்பு. செம்மஞ்சள் பூக்கதிர் வைக்க ஆசை வரும். அது குளிர்காலத்தில் பூப்பது, ஜனவரிக் களத்தில் வைக்கக் கூடாது.

முள்மரங்கள் அடிவாரத்துக்கு உரியவை, உச்சிக்கு வேண்டாம். பழைய மின்கம்பியின் செம்பு இழைகள் இருபதை முறுக்கி, மேலே நான்கு கிளையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பிரித்து, நுனிகளைத் தட்டையாகக் குடைபோல் விரியுங்கள். பசையில் குழைத்த விரிசல் நிரப்பியைத் தண்டில் பூசினால் பட்டை வந்துவிடும். கிளைமேல் பீர்க்கங்காய் நாரை மெல்லப் பிய்த்து விரித்து, பசை தெளித்து, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளைத் தூவுங்கள். ஐந்து மீட்டர் மரம் 9 சென்டிமீட்டர்.

தூக்கிகளின் பாதை

மேசையின் தென்மேற்கு மூலையில், சரிவின் அடியில், மருத்துவ முகாமுக்கான சமதளம் ஒன்றும் அதிலிருந்து மேசை ஓரத்துக்குப் போகும் பாதை ஒன்றும் வர வேண்டும். இந்திய ஆம்புலன்ஸ் படையினரைத் துப்பாக்கி எல்லைக்குள் அனுப்புவதில்லை என்பதே முதல் ஏற்பாடு. ஸ்பியன் கோப்பில் அந்த எல்லைக்குள்ளும் வேலை செய்தார்கள். ஆயினும் அவர்களின் பெருஞ்சுமை, முகாமிலிருந்து பின்னால் உள்ள மருத்துவமனைக்கு, ஒரு நாளில் இருபது இருபத்தைந்து மைல் வரை, குலுங்காமல் மனிதர்களைச் சுமந்து நடந்ததுதான். அவர்களை உச்சியில் நிறுத்தி வீரம் கூட்ட வேண்டிய தேவை இல்லை. பாதையைச் சரியாகச் செய்தால் போதும்.

டோலியின் நீளத்தை 40 மில்லிமீட்டராகக் கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஆள் நின்றால் அடித்தட்டு 80 மில்லிமீட்டர் நீளமாகும். முதலில் இந்த அடித்தட்டைச் செய்து, அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாதையை வெட்ட வேண்டும். 4 சென்டிமீட்டர் அகலப் பாதையில் நேராகப் போகும் தட்டு, திருப்பத்தில் பாறையில் முட்டும். முட்டும் இடத்தில் பாறையை அகற்றி, வெளிப்பக்கத்தை விரல் அகலம் கூட்டுங்கள். சொசாட்டி குச்சியைப் பிளந்து இழைத்த இரண்டு கழிகள், அவற்றுக்கு நடுவே பசைநீரில் நனைத்த டிஷ்யூத் தாள். ஈரமாக இருக்கும்போதே படுத்த பொம்மையை அதன்மேல் அழுத்தினால் பாரத்தால் துணி தொய்ந்த வடிவம் தானாக வரும். மழைக்காலப் பாதையாதலால் சக்கரத் தடங்களைப் பென்சிலால் கீறி, மினுக்கு வார்னிஷ் ஒரு கோடு விடுங்கள். அது தேங்கிய நீராகத் தெரியும். களம் முழுவதிலும் மினுக்கு வேண்டிய இடம் இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷைப் பிரஷால் பூசுங்கள்.

பனியும் பாதுகாப்பும்

விடியற்காலைப் பனிக்குத் தலையணையில் அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சை, அடியில் உள்ள கல் தெரியும்வரை மெலிதாகப் பிரித்துப் படரவிடுங்கள். முதல் சுற்றுகளில் முழுதாக மூடி, பகடையின்படி சிறிது சிறிதாக எடுத்தால், விளையாடுபவருக்கும் விளிம்பு தாமதமாகத்தான் தெரியவரும். முள்மரத்தில் சிக்காமல் எடுக்க, பஞ்சைக் கையளவுத் துண்டுகளாகவே வைத்திருங்கள்.

பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி, இடையில் 12 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுச் சட்டம் அடித்து வையுங்கள். கற்றாழைகளும் மரங்களும் குச்சியோடு கழன்று வருமாறு துளையில் செருகியிருந்தால் அந்த இடைவெளி தாராளம். கடற்காற்று வரும் சன்னலோரம் ஆகாது, நேர் வெயிலும் ஆகாது. பச்சை முதலில் வெளுக்கும். மண்கலவையில் மீந்ததையும் நான்கு வண்ணங்களிலும் சிறிதளவையும் இறுக மூடும் ஊறுகாய்ப் போத்தல்களில் போட்டு, பெயர் ஒட்டி, சட்டத்தின் அடித்தட்டிலேயே வையுங்கள். விளிம்பின் பாறைகள் ஒவ்வொரு விளையாட்டுக்குப் பிறகும் எங்காவது சற்று உதிர்ந்திருக்கும். பலகையை உள்ளே வைக்குமுன் அதே மாலையில் பூசிக் காயவிடுங்கள்.